ஆள் கணக்கும் மதில் கணக்கும்: பெரும்படையின் பலமும் பலவீனமும்

மேசையில் சின்னப் பொம்மை வீரர்களை நிறுத்தி, தாயக்கட்டை உருட்டிப் போர் செய்யும் விளையாட்டுகளில் தீராத ஒரு வழக்கு இருக்கிறது. ஒருவர் பத்து வீரர்களைக் கொண்டு வருவார். எல்லோருக்கும் முழு இரும்புக் கவசம், கையில் பெரிய ஆயுதம். எதிரில் இருப்பவர் நூறு பேரை இறக்குவார். எல்லாம் ஒரு குத்தில் விழுகிற குட்டிப் பூதங்கள். எவர் வெல்லுவார்?

1983இல் வந்த வோர்ஹாமர் போன்ற விளையாட்டுகளில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு புள்ளி விலை உண்டு. இரண்டு பக்கமும் ஒரே தொகைக்குள் படை கட்ட வேண்டும். மலிவான ஆட்களை அள்ளிக்கொண்டு வரும் படைக்கு 'ஹோர்ட்' எண்டு பெயர். தமிழில் பெரும்படை என்று வைத்துக்கொள்வோம்.

'ஹோர்ட்' என்றதும் ஒழுங்கில்லாத கும்பல் ஒன்றுதான் மனசில் வரும். ஆனால் சொல்லின் வேர் துருக்கிய மொழியிலுள்ள 'ஓர்து'. அதன் பொருள் பாசறை. உருது மொழியின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஒழுங்காகக் கூடாரமடித்த படைமுகாமைக் குறித்த சொல், அதைக் கண்டு பயந்தவர்களின் வாயில் கும்பல் ஆகிவிட்டது. இதை ஞாபகத்தில் வைத்திருங்கோ, கடைசியில் தேவைப்படும்.

பெரும்படை விளையாட்டு எங்களுக்குப் புதிதில்லை. ஆடு புலி ஆட்டத்தில் பரவலாக ஆடப்படும் வகையில் 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலி பாய்ந்து வெட்டலாம், ஆட்டால் ஒன்றையும் வெட்ட முடியாது. ஆனாலும் ஆடு வெல்லலாம். எப்படி? புலி நகர இடமில்லாமல் அடைத்து நின்றால் போதும். பெரும்படையின் முதற் பலம் இதுதான். அது கொன்று வெல்லத் தேவையில்லை, இடத்தைப் பிடித்து வெல்லும். மேசைப்போரிலும் பல ஆட்டங்கள் எத்தனை பேரைக் கொன்றாய் என்று பார்ப்பதில்லை, எந்த இடங்களைப் பிடித்து வைத்திருக்கிறாய் என்றுதான் பார்க்கின்றன.

இரண்டாவது பலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஃபிரடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1916இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். எல்லோரும் எல்லோரையும் சுடக்கூடிய திறந்த வெளியில், படையின் பலம் ஆட்தொகையின் வர்க்கத்தோடு வளரும். 10 பேரும் 5 பேரும் மோதினால் பலம் இரண்டுக்கு ஒன்று அல்ல, 100க்கு 25. அதாவது நாலுக்கு ஒன்று. அந்த ஐவர் சமமாக நிற்க வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் நாலு மடங்கு கெட்டிக்காரராக இருக்க வேண்டும். ஒடுங்கிய வாசலில் ஒருவரோடு ஒருவர் மட்டும் மோத முடிந்தால் இந்த வர்க்கக் கணக்கு செல்லாது. அங்கே இரண்டு மடங்கு திறமையே போதும். பின்னால் நிற்கிறவர்கள் தங்கள் முறைக்குக் காத்து நிற்க வேண்டியதுதான்.

ஆகவே பெரும்படைக்கு அகலம் வேண்டும். வோர்ஹாமரின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பு இதை விதியாகவே எழுதியது. பத்துப் பேர் அகலத்தில் நின்றால் பின்வரிசையில் இன்னும் ஒரு வரிசை சண்டையில் சேரலாம். எதிரியைவிடக் கூடுதல் வரிசைகள் இருந்தால், அந்தச் சுற்றில் தோற்றாலும் படை இலகுவில் கலையாது. ஆட்தொகையே மனவுறுதி என்பது அந்த விதியின் கருத்து.

உண்மையில் அப்படியா? பதிலைத் தேடித் தூரப் போகத் தேவையில்லை, கொழும்பிலேயே இருக்கிறது.

1587இல் சீதாவக்கை அரசன் முதலாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரின் கொழும்பை முற்றுகையிட்டான். இன்றைய கோட்டை, புறக்கோட்டைப் பகுதிகள்தான் அன்றைய நகரம். கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் மதிலுக்கு வெளியே. போர்த்துக்கேய எழுத்துகள் தரும் கணக்குப்படி அரசனிடம் 50,000 போர்வீரர், 60,000 வேலையாட்கள், 2,200 யானைகள், 40,000 மாடுகள். உள்ளே, தளபதி ஜுவாங் கொறெயா த பிரிட்டோவிடம் போர் செய்யக்கூடிய போர்த்துக்கேயர் சில நூறு பேர், அவர்களோடு உள்ளூர்ப் படையினரும் நகர மக்களும். மேசையில் வைத்தால் யாரும் 'இது நியாயமில்லை மச்சான்' எண்டுதான் சொல்லுவினம்.

இராஜசிங்கன் சாதாரண ஆள் இல்லை. இளவரசனாக இருந்தபோதே முல்லேரியாவில் போர்த்துக்கேயப் படை ஒன்றை வளைத்து அழித்தவன். அது திறந்த வெளி, சுற்றி வளைக்க இடமிருந்தது. லான்செஸ்டரின் வர்க்கக் கணக்குப் பலிக்கும் நிலம். 1565இல் போர்த்துக்கேயர் கோட்டை நகரையே கைவிட்டுக் கொழும்புக்குள் ஒடுங்கினார்கள். சீதாவக்கையின் நெருக்குதல் அவ்வளவு.

கொழும்பு வேறு மாதிரியான நிலம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஏரி. இன்றைய பேரே வாவி அதன் மிச்சம். தரைவழியாக வந்தால் மதில். அரசன் தன் பெரும்படையின் உண்மையான பலத்தை இங்கே காட்டினான். வாள் பிடிக்காத ஆயிரமாயிரம் கைகள் மண்வெட்டி பிடித்தன. ஏரி நீரை வடிக்கக் கால்வாய் வெட்டினார்கள், மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். பெரும்படை என்றால் சண்டைக்கு மட்டும் ஆள் கூட எண்டு நினைக்கிறம். நிலத்தையே மாற்றக்கூடிய உழைப்பு அது என்பதை மேசைவிளையாட்டுகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

ஆனாலும் மதிலில் ஏறும் நேரத்தில் முன்வரிசை மட்டும்தான் சண்டை செய்யும். 50,000 பேர் வந்தாலும் ஏணிக்கு ஒருவர்தான். மதிலை இடிக்க வந்த யானைகளுக்கு எதிரில் துவக்கும் பீரங்கியும். திரும்பத் திரும்பத் தாக்கியும் மதில் விழவில்லை.

இரண்டாவது பலவீனம் வயிறு. லட்சம் பேரை ஓரிடத்தில் மாதக்கணக்கில் நிறுத்தினால் அவர்கள் தினமும் சாப்பிட வேண்டும். வயலில் இருக்க வேண்டியவர்கள் முகாமில் இருந்தால் அடுத்த போகம் என்னாவது? மேசையில் நூறு பூதங்களுக்கு யாரும் சோறு போடுவதில்லை. அங்கே பெரும்படை மலிவு. நிசத்தில் அது நாட்டின் விலையுயர்ந்த பொருள்.

மூன்றாவது, பெரும்படை ஓரிடத்தில் கட்டுப்பட்டுவிடும். கொழும்பின் துறைமுகம் திறந்தே இருந்தது. ஆளும் உணவும் வெடிமருந்தும் கடல்வழியாக வந்தன. அதோடு நிற்கவில்லை. முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போதே தோமே த சோசா என்ற தளபதி கப்பல்களோடு தென்கரை நெடுகச் சூறையாடிக்கொண்டு போய், தேவேந்திரமுனையில் இருந்த தென்னாவரம் கோயிலை அழித்தான். தொண்டீஸ்வரம் என்று நாங்கள் பஞ்ச ஈச்சரங்களில் ஒன்றாக எண்ணும் இடம் அது. 1344இல் இபுன் பதூதா வந்து பார்த்த பெரிய கோயில் நகரம். அரசனின் படை முழுவதும் கொழும்பு மதிலடியில். தெற்கே கரையைக் காக்கப் போதிய ஆள் இல்லை. பெரிய படை எல்லா இடத்திலும் இருக்க முடியாது. சின்னப் படைக்குக் கப்பல் இருந்தால் அது நினைத்த இடத்தில் இருக்கும்.

1588 பெப்ரவரியில் மனுவேல் த சோசா கூட்டிஞ்ஞோ தலைமையில் பெரிய உதவிப்படை கடலால் வந்து சேர்ந்தது. இராஜசிங்கன் முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கினான்.

நாலாவது பலவீனம் பிறகுதான் தெரிந்தது. அந்தப் படையை ஒன்றாகப் பிடித்து வைத்திருந்தது ஒரு மனிதன். கண்டியில் கிளர்ச்சி எழுந்தது. 1593இல் அவன் இறந்ததும் சீதாவக்கை அரசே ஓரிரு வருடத்தில் குலைந்துபோனது. மேசையில் தலைவன் விழுந்ததும் பெரும்படை கலைவதைப் பார்த்திருப்பீர்கள். அது விளையாட்டுக்காக வைத்த விதி மட்டுமில்லை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கு. போர்த்துக்கேயரும் பெரும்படை வைத்திருந்தார்கள். 1594இல் பேதுரு லோப்பிஸ் த சோசா கண்டிக்குப் படையெடுத்தபோது அவரோடு போனவர்களில் பெரும்பாலானோர் லஸ்கரின் எனப்பட்ட உள்ளூர்ப் படையினர். அவர்களின் தலைவன் ஜயவீர பண்டாரவைத் துரோகி என்று சந்தேகித்துப் போர்த்துக்கேயர் கொன்றார்கள். லஸ்கரின்கள் கூட்டம் கூட்டமாக விலகிப் போனார்கள். மிஞ்சிய போர்த்துக்கேயர் தந்துறையில் அழிந்தார்கள். 1630இல் ரந்தெனிவெலவிலும் ஏறக்குறைய இதே கதை. தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கொல்லப்பட்டார். மேசையில் பூதம் ஓடிப்போகும், ஆனால் எதிரியின் பக்கம் போய் நிற்காது. மனிதருக்கு அந்தத் தெரிவு இருந்தது. கூட்டம் என்று எண்ணப்பட்டவர்கள் தனித்தனியாக யோசித்தார்கள். தாங்கள் யாருக்காகச் சாகிறோம் என்று கேட்டார்கள்.

கொழும்பு கடைசியில் எப்படி விழுந்தது? 1655இல் தொடங்கிய முற்றுகையில் ஒல்லாந்தர் கடலை அடைத்தார்கள், நகருக்கு வெளியே கண்டியின் இரண்டாம் இராஜசிங்கனின் படை நின்றது. உள்ளே பட்டினி. 1656 மே 12இல் நகரம் ஒல்லாந்தர் கையில். 1588இல் பெரும்படைக்கு இல்லாமல் போனது கூடுதல் ஆள் அல்ல, கடலை மூட ஒரு வழி. ஆடு புலி ஆட்டத்தில் தெரிந்த பாடம்தான். ஒரு புள்ளியைத் திறந்து விட்டால் பதினைந்து ஆடும் வீண். ஆனால் ஒல்லாந்தர் கொழும்பை அரசனிடம் கொடுக்கவில்லை, தாங்களே வைத்துக்கொண்டார்கள். நிலத்தை மூடியவன் ஒருவன், கோட்டையை எடுத்தவன் இன்னொருவன்.

இனி அந்த 50,000 என்ற எண்ணுக்கு வருவோம். அது மதிலுக்கு உள்ளே இருந்தவர்களின் பக்கம் எழுதப்பட்ட எண். எதிரி எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிது தங்கள் வீரம். இந்த வரலாற்றை விரிவாக எழுதியவர்களில் ஒருவரான பாதிரியார் பெர்னாவ் த கெய்றோஸ் நூறு வருடம் கழித்துக் கோவாவில் இருந்து எழுதினார். தொகையை அப்படியே விழுங்கக்கூடாது. அதைவிட முக்கியமானது, அந்த எழுத்தில் உள்ளே இருந்த தளபதிகளுக்குப் பெயர் இருக்கிறது, வெளியே மண்வெட்டி பிடித்தவர்களுக்கு வெறும் எண் இருக்கிறது. ஏரியை வடித்தவர் யார், எந்த ஊர், திரும்பி வீடு போனாரா? எழுத அங்கே யாரும் இல்லை. 'ஓர்து' கும்பல் ஆனதும் இப்படித்தான். மதிலுக்குள் இருந்து பார்த்தால் வெளியே நிற்கிற எல்லோரும் ஒரே முகம்.

இது பழைய கதை மட்டுமா? இன்றைக்கும் ஒரு சமூகத்தையோ, ஒரு போராட்டத்தையோ 'கூட்டம்' எண்டு யாராவது சொன்னால், சொல்பவர் எந்த மதிலுக்குள் நிற்கிறார் என்று ஒருதரம் பாருங்கோ.

விளையாடுகிறவர்களுக்கு: பொம்மைகள் இங்கே நெருப்பு விலை, பெரும்படைக்கு இன்னும் கூட. சோடா மூடிகளை வைத்தே தொடங்கலாம். மேசையில் ஒரு மதில் கட்டுங்கோ, ஒரு பக்கம் கடலைத் திறந்து விடுங்கோ. ஒவ்வொரு சுற்றிலும் நூறு மூடிக்கும் சோற்றுக் கணக்கு எழுதுங்கோ. வெளியே நிற்கும் பக்கத்தை எடுத்து ஒருக்கா ஆடிப் பாருங்கோ. இராஜசிங்கன் ஏன் எட்டு மாதம் மினக்கெட்டான், ஏன் கடைசியில் திரும்பினான் என்பது ஐந்தாவது சுற்றுக்குள் விளங்கும்.