வேதாளம் வாம்பயரான வரலாறு

குந்தாரப்பள்ளியில் நண்பர் வீட்டில், பேட்மேன் டெலிவிஷன் தொடரையொட்டி 2005இல் வந்த டிராகுலா கார்ட்டூன் படம் ஓடிக்கொண்டிருந்தது. 'நம்ம வேதாளந்தானே இது?' என்றார், நைட் ஷிப்டு முடித்து வந்தவர். இல்லை. ஆனால் அந்தக் குழப்பத்துக்கு வரலாறுண்டு. வேதாளக் கதைகளை 1870இல் ஆங்கிலத்தில் எழுதிய ரிச்சர்ட் பர்ட்டன் வேதாளத்தை 'வாம்பயர்' ஆக்கினார். 1897இல் 'டிராகுலா' எழுதிய பிராம் ஸ்டோக்கர் அவரோடு பழகியவர். நம் வேதாளமோ பிணத்துக்குள் இருந்துகொண்டு ராஜாவைக் கேள்வி கேட்பது. கேள்வி கேட்கும் மற்றமையை ரத்தம் குடிக்கும் மற்றமையாக மாற்றியது காலனியக் கதையாடல். அதற்கு முன்பே, 1867இல், மார்க்ஸ் மூலதனத்தையே வாம்பயர் என்றார். நைட் ஷிப்டைப் பேசுமிடத்திலும் அதன் ரத்த தாகம் வருகிறது. இதைச் சொன்னேன். 'கேள்வி கேக்க எங்க கம்பெனியில சங்கமே இல்லையேப்பா' என்று படுத்துவிட்டார்.