தீ மூட்டும் ஊசியும் தீ அணைக்கும் ஊசியும்

வீக்கம், சூடு, வலி எல்லாம் கிருமி செய்யும் வேலை என்றே பலரும் நினைக்கிறோம். கிருமியை விரட்ட உடலே மூட்டும் தீதான் அழற்சி. அப்படியானால் கிருமி அதை அணைக்கத்தானே பார்க்கும்? பிளேக் கிருமி பார்க்கிறது. குடலைத் தாக்கும் சால்மொனெல்லா டைஃபிமூரியமோ எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிறது.

வியப்பு என்னவென்றால் இரண்டின் கையிலும் இருப்பது ஒரே வகை ஆயுதம். கிருமியின் உடலிலிருந்து நீண்டு, நம் செல்லுக்குள் நேராகப் புரதங்களை ஏற்றும் ஊசி அது. 1998இல் சால்மொனெல்லாவின் ஊசியை மின்னணு நுண்நோக்கியில் படம்பிடித்துக் காட்டினார்கள். பிளேக் கிருமியான யெர்சினியா பெஸ்டிஸிடமும் அதே குடும்பத்து ஊசி உண்டு. 1894இல் ஹாங்காங்கில் அந்தக் கிருமியைக் கண்டறிந்த அலெக்சாண்டர் யெர்சினின் பெயரைத்தான் அது தாங்குகிறது.

ஊசி வழியே போகும் சரக்கில்தான் வேறுபாடு. செல்லின் வடிவத்தையும் அசைவையும் ஆட்டிவைக்கும் சில சுவிட்சுகள் உள்ளே இருக்கின்றன. ரோ குடும்பப் புரதங்கள் என்பார்கள். சால்மொனெல்லா ஏற்றும் சோப்-ஈ அவற்றைப் போட்டுவிடுகிறது. குடல் செல்லின் மேற்பரப்பு அலையலையாய் எழும்பிக் கிருமியைத் தானே விழுங்கிக்கொள்கிறது. கூடவே அபாய மணியும் அடித்து அழற்சி தொடங்குகிறது. யெர்சினியா ஏற்றும் யோப்-ஈ அதே சுவிட்சுகளை அணைக்கிறது. விழுங்க வந்த வெள்ளணு கை ஓய்ந்து நிற்கிறது. யோப்-ஜே என்ற இன்னொன்று, எச்சரிக்கையைக் கடத்தும் நொதிகளில் பாஸ்பேட் ஒட்டவேண்டிய இடத்தில் அசெட்டைல் துணுக்கை ஒட்டிவைக்கிறது. சாவித்துவாரத்தில் மெழுகை அடைத்த கதை. 2006இல் இது தெரியவந்தது.

விளைவை எலியின் நுரையீரலில் பார்த்திருக்கிறார்கள். பிளேக் கிருமி புகுந்து முதல் 36 மணி நேரம் அழற்சியே இல்லை. கிருமி மட்டும் பெருகிக்கொண்டே போகிறது. அதன்பின் தீ பற்றும்போது காலம் கடந்துவிடுகிறது.

அணைப்பதன் லாபம் புரிகிறது. மூட்டுவதில் என்ன லாபம்? குடல் காலி மனை அல்ல. கோடிக்கணக்கான கிருமிகள் ஏற்கெனவே குடியிருக்கும் இடம். வந்தேறிக்கு அங்கே சோறு கிடைக்காது. ஆனால் அழற்சியில் வெள்ளணுக்கள் கொட்டும் ஆக்சிஜன் வேதிப்பொருள்கள், குடலிலுள்ள தயோசல்பேட்டை டெட்ராதயோனேட்டாக மாற்றுகின்றன. அதை வைத்துச் சால்மொனெல்லா சுவாசித்துப் பெருகுகிறது. பழைய குடிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வித்தை தெரியாது. 2010இல் ஆண்ட்ரியாஸ் பாய்ம்லரின் குழு இதைக் காட்டியது. ஆய்வகங்களில் 1920களிலிருந்தே சால்மொனெல்லாவை வடித்தெடுக்க டெட்ராதயோனேட் கரைசலைப் பயன்படுத்தி வந்தவர்களுக்கு, குடலும் அதே கரைசலைக் காய்ச்சுகிறது என்று தோன்றவில்லை!

இதில் யார் கெட்டிக்காரர் என்று கேட்டால் எனக்குச் சால்மொனெல்லாதான். மூட்டிவிட்டுப் போவதோடு நிற்காமல், அதே ஊசியில் எஸ்ப்ட்-பி என்ற புரதத்தையும் ஏற்றி, போட்ட சுவிட்சை அணைத்துச் செல்லைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. சோப்-ஈ விரைவில் சிதைக்கப்படும். எஸ்ப்ட்-பி நின்று வேலை செய்யும்.

யெர்சினியாவுக்கு அணைப்பதிலேயே ஒரு சிக்கல். சுவிட்சை யாராவது அணைத்தால் கூச்சலிட, பைரின் என்ற காவல் புரதம் நம்மிடம் இருக்கிறது. அதைச் சமாளிக்க யெர்சினியா ஏற்றும் யோப்-எம் என்ற புரதம், நம் நொதிகளையே ஏவிப் பைரினில் பாஸ்பேட்டை ஒட்டி அதைத் தூங்கவைக்கிறது. பைரின் மரபணுவில் சில மாற்றங்கள் உள்ளவர்களிடம் இந்தத் தாலாட்டு சரியாகப் பலிப்பதில்லை. விலையாக அவர்களில் சிலருக்கு அடிக்கடி காரணமற்ற காய்ச்சலும் வயிற்றுவலியும் வருகின்றன. துருக்கி போன்ற மத்தியதரைக் கடல் பகுதிகளிலும் ஆர்மீனியாவிலும் இந்த மரபணு மாற்றங்கள் பரவியிருக்கப் பழைய பிளேக் காலங்கள் காரணமாக இருக்கலாம் என்கிறது 2020இல் வந்த ஆய்வு.

அந்தக் காய்ச்சலுக்கு 1970களிலிருந்து கொடுக்கப்படும் மருந்து கோல்ச்சிசின். வேறு வழியாகப் போனாலும், அதே நொதிகளை எழுப்பி, அதே பைரினைத்தான் அதுவும் தூங்கவைக்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடும் நம் செங்காந்தளின் விதையிலிருந்தும் அதை எடுக்கிறார்கள்.