எண்ணும் உழைப்பும்: எண்ணெய் வயற் சேவைக் கப்பல் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

கடலடி எண்ணெய் அகழ்வின் வரலாறு பெரும்பாலும் துளைமேடைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அம்மேடைகளுக்கு உணவும் எரிபொருளும் குழாய்களும் கொண்டு செல்வனவும், அவற்றை இழுத்துச் சென்று நங்கூரமிட்டு நிலைநிறுத்துவனவும் சேவைக் கப்பல்களே. 1955இல் மெக்சிக்கோ வளைகுடாவிலே இத்தேவைக்கெனக் கட்டப்பட்ட 'எப் ரைட்', மாலுமி அறையை முன்புறத்தே ஒதுக்கிப் பின்தளம் முழுவதையும் சரக்குக்கு விட்டது. மூலதனத்தின் தேவையே கப்பலின் உருவத்தை நிர்ணயித்தது எனலாம்.

இன்று இத்தகைய கப்பலொன்றை இருவகைப் பதிவுகளால் அறிகிறோம். ஒன்று, நீளம், இயந்திர வலு, இழுவிசை ஆகியவற்றைக் கூறும் விபரப் பட்டியல். மற்றையது, கப்பலின் இடம், திசை, வேகம் ஆகியவற்றை அறிவிக்கும் தன்னியக்க அடையாளக் கருவியின் தடப்பதிவு. கப்பல்கள் மோதுவதைத் தவிர்க்க உதவும் இக்கருவி, கப்பலை வாடகைக்கு அமர்த்துவோருக்கும் பயன்படுகின்றது. இவ்விரு பதிவுகளும் எதனைக் கூறாது விடுகின்றன என்பதே ஈண்டு நம் வினா.

2006இல் நோர்வேயிற் கட்டப்பட்ட 'பூர்பொன் டொல்பின்' ஏறத்தாழ 75 மீற்றர் நீளமுடையது. அதன் இழுவிசை 180 தொன் எனக் குறிக்கப்பட்டிருந்தது. 2007 ஏப்ரல் 12இல், ஷெற்லன்ட் தீவுகளுக்கு மேற்கே, ஏறத்தாழ 1,100 மீற்றர் ஆழமான கடலில், துளைமேடையொன்றின் நங்கூரத்தைக் கொண்டு சென்ற வேளை, காற்றாலும் நீரோட்டத்தாலும் அது தன் தடத்தினின்றும் விலகிற்று. சங்கிலியைத் தடுத்து நின்ற உருக்குத் தண்டு தாழ்த்தப்பட்டதும் சங்கிலி இடப்புறம் நகர்ந்தது, கப்பல் கவிழ்ந்தது. 15 பேருள் எண்மர் மாண்டனர்.

நோர்வே அரசு நியமித்த ஆணைக்குழு 2008இல் அறிக்கை சமர்ப்பித்தது. எந்தவொரு தனிப் பிழையையும் அது காரணமாகக் கொள்ளவில்லை. கப்பலின் சமநிலை வரம்புகள், வேலைத்திட்டத்தின் குறைகள், புதிய தலைவருக்குக் கப்பலைப் பழகப் போதிய அவகாசம் அளிக்கப்படாமை ஆகியன ஒருங்கு கூடியே விபத்தை விளைவித்தன. பக்கத் தள்ளிகள் இயங்குகையில் இயந்திர வலுவின் ஒரு பகுதியை அவை எடுத்துக்கொள்வதால், இழுவிசை பட்டியலிலுள்ள அளவினின்றும் குறைந்துவிடும் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 180 தொன் என்பது சோதனைக் களத்தின் உண்மை. உழைப்பின் களத்திலே அவ்வுண்மை மாறிவிடுகின்றது.

தடப்பதிவை நோக்குமிடத்துக் கப்பல் விலகிச் சென்றமையை நாம் காணலாம். ஆனால் வேலையை நிறுத்துமாறு கூறும் உரிமை நடைமுறையில் யாரிடம் இருந்தது, அவ்வுரிமையைப் பயன்படுத்தினால் ஏற்படும் தாமதத்தின் செலவை யார் ஏற்பது என்பன அதில் இல்லை. உற்பத்தி உறவுகளுள் வைத்து நோக்கும்பொழுதே கப்பலின் எண்கள் வரலாற்றுச் சான்றுகளாகின்றன.