போர்வை தைக்கும் ஊசி

கார்த்திகை மாதம் கைசிக ஏகாதசி அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் 108 போர்வை சாத்துவார்கள். பனிக்காலம் வந்துவிட்டது, சாமிக்கும் குளிருமே என்ற அக்கறைதான்! வீட்டுப் போர்வைக்கு இவ்வளவு மரியாதை கிடையாது. பழைய நூல் சேலை இரண்டு மூன்றை அடுக்கி, வரிசையாக ஓட்டுத்தையல் போட்டால் போர்வை தயார். கைக்குழந்தைக்கு விரிப்பதும் இதுதான். வங்காளத்தின் புகழ்பெற்ற 'காந்தா' போர்வையும் இதே வேலைதான். நம் 'கந்தை'க்கும் அந்தக் 'காந்தா'வுக்கும் வேர்ச்சொல் ஒன்றே.

இதற்கு எந்த ஊசி சரி? கோணி ஊசி கூடவே கூடாது. நைந்த துணியில் அது போடும் ஓட்டை நாளடைவில் கிழிசலாகிவிடும். நீளமான மெல்லிய ஊசி மூன்று மடிப்பைத் தாண்டுவதற்குள் வளைந்துவிடும். குட்டையான, மெல்லிய, உறுதியான ஊசிதான் இதற்கு ஏற்றது. குட்டையாக இருந்தால்தான் தையலும் நெருக்கமாக விழும். பாக்கெட்டில் எண் போட்டிருக்கும். எண் கூடக்கூட ஊசி மெலியும். நூல் சிரமமில்லாமல் காதில் நுழைய வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவிரலுக்கு அங்குஸ்தான் இல்லாமல் உட்கார்ந்தால் விரல் புண்ணாவது நிச்சயம்.

சரி, இந்த ஊசி எங்கிருந்து வந்தது?

துணிக்கும் நூலுக்கும் இந்தப் பக்கம் பஞ்சமே இல்லை. கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது. பக்கத்து ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-லேயே ராஜபாளையம் மில்லைத் தொடங்கிவிட்டார். ஆனால் அந்த நூலைக் கோக்கும் நல்ல ஊசி சீமையிலிருந்துதான் கப்பலேறி வந்தது.

19-ம் நூற்றாண்டில் உலகத்து ஊசிகளில் பெரும்பகுதி இங்கிலாந்தின் ரெட்டிச் என்ற ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவை. கம்பியை வெட்டி, முனை தீட்டி, காது துளைத்து, சூடேற்றிக் கடினமாக்கி, மெருகேற்றி என்று ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆள். இதில் முனை தீட்டுபவர்களின் கதை கொடுமையானது. சாணைக்கல் தூசியையும் இரும்புத் தூசியையும் சுவாசித்து நுரையீரல் கெட்டு இளம் வயதிலேயே செத்துப்போனார்கள். தூசியை வெளியே இழுக்கும் விசிறிகள் வந்தபோது அவர்களே எதிர்த்ததுதான் ஆச்சரியம். ஆபத்தான வேலை என்பதால்தான் கூலி அதிகம். ஆபத்து போனால் கூலியும் போய்விடும் என்று பயந்தார்கள்.

ரெட்டிச்சுக்குப் பக்கத்து ஸ்டட்லி ஊர்க் கம்பெனி ஒன்று 1949-ல் 'நீடில் இண்டஸ்ட்ரீஸ் (இந்தியா)' என்ற கம்பெனியைத் தொடங்கியது. தொழிற்சாலை நம் நீலகிரியில், கேத்தி பக்கம். 'போனி' ஊசி என்றால் பலருக்கும் தெரியும், அது இவர்களுடையது.

கம்பெனிச் சட்டம் படிக்கும் பி.காம். மாணவர்களுக்கு இந்தப் பெயர் வேறு விதத்தில் பழக்கம்! 1970-களில் இதன் பங்குகளில் சுமார் 60 சதவீதம் இங்கிலாந்துக்காரர்களிடமும் 40 சதவீதம் இந்தியர்களிடமும் இருந்தன. 1973-ம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டியிருந்தது. 1977-ல் இந்திய இயக்குநர்கள் உரிமைப் பங்குகளை வெளியிட்டார்கள். ஆனால் அதற்கான கடிதம் இங்கிலாந்துக்குத் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. பங்குகள் இந்தியர்களுக்கே ஒதுக்கப்பட்டன, பெரும்பான்மை கை மாறியது. வெள்ளைக்காரர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

1981 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நடந்தது அடக்குமுறை ஆகாது, கம்பெனி இந்தியர்களிடமே இருக்கலாம். அதே சமயம் 190 ரூபாய் பெறுமான பங்கை 100 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு லாபம் பார்ப்பதும் நியாயமில்லை. இங்கிலாந்துக் கம்பெனிக்குக் கிடைக்காமல் போன 9,495 பங்குகளுக்கு, பங்குக்கு 90 ரூபாய் வீதம் 8,54,550 ரூபாயை இந்தியப் பங்குதாரர்கள் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.