டில்லியில் ஒரு நகல் கடை

சென்ற தை மாதத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் என் நாவல். நாவல் என்று சொல்வதுகூடச் சரியில்லை, நாவலின் ஜெராக்ஸ். சுருள் கம்பி போட்டு, மேலே கண்ணாடித் தாள் வைத்து, மூலப் புத்தகத்தைவிட லட்சணமாகவே இருந்தது. "எங்களுக்குப் பாடமா வெச்சிருக்காங்க சார். கடையில எங்கயும் கிடைக்கல. ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். எனக்கு வந்தது கோபமா சந்தோஷமா என்று இன்றுவரை நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கையெழுத்துப் போட்டேன். அவர் படி இறங்கிப் போன பிறகுதான், நம் பண்டத்தை எடுத்துக்கொண்டவனுக்கு நாமே ரசீதும் எழுதிக் கொடுத்துவிட்டோமோ என்று ஒரு சந்தேகம் வந்தது.

அந்தச் சந்தேகம்தான் என்னை டில்லி வழக்கைப் படிக்க வைத்தது.

டில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்துக்குள் ராமேஸ்வரி என்ற பெயரில் ஒரு நகல் கடை. சர்வகலாசாலையே உரிமம் கொடுத்து வைத்த கடை. பாடத்துக்கு வேண்டிய அத்தியாயங்களை இந்தப் புத்தகத்தில் ஒன்று, அந்தப் புத்தகத்தில் இரண்டு என்று ஆசிரியர்கள் பொறுக்கிப் பட்டியல் தருவார்கள். கடைக்காரர் அவற்றை நகலெடுத்து ஒரே கட்டாகச் சேர்த்து மாணவர்களுக்குக் கொடுப்பார். வாங்குவது பக்கத்துக்குச் சில்லறைப் பைசாக்கள். 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைப் பிரசுரங்களும், டெய்லர் அண்டு பிரான்சிஸ் கம்பெனியும் சேர்ந்து, அந்தக் கடையின் மீதும் டில்லி சர்வகலாசாலையின் மீதும் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டன. அறுபது லட்ச ரூபாய் நஷ்டஈடு கேட்டார்கள். அக்டோபரில் இடைக்காலத் தடை வந்தது. கட்டுகள் நின்றுபோயின.

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். உலகத்தின் முதல் பதிப்புரிமைச் சட்டம் என்று சொல்லப்படுவது, ஆன் மகாராணியின் காலத்தில் 1710-இல் இங்கிலாந்தில் அமலுக்கு வந்தது. அதன் தலைப்பிலேயே, கல்வியை ஊக்குவிப்பதற்கான சட்டம் என்று இருக்கிறது. ஆசிரியருக்குப் பதினான்கு வருஷம் உரிமை. அப்போதும் உயிரோடிருந்தால் இன்னொரு பதினான்கு. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒன்பது பிரதிகளைக் குறிப்பிட்ட நூலகங்களுக்கு இனாமாகத் தர வேண்டும் என்றும் அது விதித்தது. அந்த ஒன்பதில் ஆக்ஸ்போர்டும் உண்டு, கேம்பிரிட்ஜும் உண்டு. 1774-இல் பிரபுக்கள் சபை, புத்தக வியாபாரிகளுக்கு நிரந்தர உரிமை என்று ஒன்று கிடையாது எனத் தீர்த்தது. மறு வருஷமே சர்வகலாசாலைகள் பார்லிமெண்டுக்கு ஓடி, தங்களுக்குத் தானமாக வந்த நூல்களுக்கு மட்டும் நிரந்தர உரிமை வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டன. 1988-ஆம் வருஷத்துச் சட்டம்தான் அந்தச் சலுகைக்கு 2039 வரை என்று கெடு வைத்தது. இலவசமாக வாங்கிப் படித்தவர்களே இலவசத்தை எதிர்க்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் சரித்திரத்துக்கு இப்படி ஒரு குறும்பு உண்டு.

பிரசுரகர்த்தர்கள் சொன்னதை அலட்சியமாகத் தள்ளிவிடவும் முடியாது. கடைக்காரர் என்ன ஆசிரியரா, மாணவரா? லாபத்துக்காகச் செய்கிறார், உரிமம் வாங்கிக்கொண்டு செய்யட்டுமே என்றார்கள். எழுத்தை விற்றுச் சாப்பிடுகிறவனுக்கு இந்த வாதம் காதில் இனிமையாகத்தான் விழுகிறது. அமெரிக்காவில் கிங்கோஸ் என்ற நகல் கடைமீது இதே மாதிரி வழக்கு வந்து, 1991-இல் நியூயார்க் கோர்ட்டு பிரசுரகர்த்தர்கள் பக்கமே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

டில்லியில் அப்படி ஆகவில்லை. மாணவர்கள் தாங்களும் கட்சிக்காரர்களாகச் சேர்ந்துகொண்டார்கள். படிப்பாளிகளின் சங்கம் ஒன்றும் சேர்ந்தது. இதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. எந்த நூல்களின் பக்கங்கள் களவு போனதாகச் சொல்லப்பட்டதோ, அவற்றை எழுதியவர்களில் பலரே, வழக்கை வாபஸ் வாங்குங்கள் என்று பிரசுரங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஆக்ஸ்போர்டு பிரசுரத்தில் தம் நூல்களை வெளியிட்டிருக்கும் அமர்த்தியா சென்னும் எழுதினார். திருட்டுக் கொடுத்தவன் திருடனுக்காகச் சாட்சி சொன்ன வழக்கு இது ஒன்றாகத்தான் இருக்கும்!

1957-ஆம் வருஷத்து நம் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆசிரியரோ மாணவரோ போதனையின் போக்கில் ஒரு நூலைப் பிரதி செய்தால் அது உரிமை மீறல் ஆகாது என்கிறது. 'போதனையின் போக்கு' என்றால் என்ன? வகுப்பு மணி அடித்து மணி அடிக்கும்வரைதானா? நீதிபதி ராஜீவ் ஸஹாய் எண்ட்லா 2016 செப்டம்பர் 16-ஆம் தேதி அவ்வளவு குறுக்கிவிட முடியாது என்று சொல்லி, வழக்கைத் தள்ளினார். தாம் சட்டம் படித்த காலத்தில், மாணவர்கள் நூலகத்தில் முறை வைத்து உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொண்டதை அவர் தீர்ப்பில் நினைவுகூர்கிறார். கை செய்த வேலையை யந்திரம் செய்தால் மட்டும் குற்றமாகிவிடுமா என்பது அவர் கேள்வி. நூலின் மீது ஆசிரியனுக்குள்ள உரிமை தெய்வம் கொடுத்ததல்ல, சட்டம் கொடுத்தது என்றும் சொன்னார். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு லேசாக வலித்தது. பொய் என்று சொல்ல வாய் வரவில்லை.

பிரசுரகர்த்தர்கள் அப்பீல் செய்தார்கள். டிசம்பர் 9-ஆம் தேதி நீதிபதிகள் பிரதீப் நந்த்ரஜோக்கும் யோகேஷ் கன்னாவும் அடிப்படையை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் வேலியை முழுவதும் பிடுங்கிவிடவில்லை. இத்தனை சதவீதம் என்று கணக்கு இல்லாவிட்டாலும், எடுத்தது அந்தப் பாடத்துக்கு வேண்டியதுதானா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். அதை விசாரிக்க வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள். தடை மட்டும் கொடுக்கவில்லை. விசாரணை நடக்கவேயில்லை. 2017 மார்ச்சில் பிரசுரங்கள் மூன்றும் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன. உரிமம் வழங்கும் சங்கம் ஒன்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்தது. மே மாதத்தில் அதுவும் தள்ளுபடியாயிற்று.

எல்லாம் சரி, என் நாவல் எந்தப் பக்கம் நிற்கிறது? அத்தியாயம் அல்ல, முழுப் புத்தகத்தையும் அல்லவா எடுத்திருக்கிறார்கள்! வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "நாவல் பூராவும் பாடமானால் நாவல் பூராவும் வேண்டியதுதான் என்று ஒரு கட்சி வாதிக்கலாம், விற்பனைக்கு உள்ள புத்தகத்தை அப்படி எடுக்கக் கூடாது என்று இன்னொரு கட்சி வாதிக்கலாம்" என்றார். எந்தக் கட்சிக்கு அவர் வக்கீல் என்று கேட்டேன். "முதலில் வருகிறவருக்கு" என்றார்.

புத்தகம் விற்பனையில் இருந்தால்தானே இந்தத் தகராறு என்று, என் பிரசுரகர்த்தருக்குப் போன் செய்து மறுபதிப்பு வேண்டும் என்றேன்.

"எத்தனை காலேஜில் பாடம்?"

"ஒன்றில்."

"எத்தனை பையன்கள்?"

"நாற்பது பேர் இருக்கலாம்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"ஜெராக்ஸே எடுத்துக்கட்டும், ஐயா" என்றார்.