மீனா, ஊரியா?
(தொடர் - 7)

ஏறாவூரில் எங்கள் வளவுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் வாவி, தெற்கே கல்லடிக்குப் போனதும் பாடத் தொடங்கிவிடுகிறது. நிலாக் காலத்தில் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மேல்நுனியைக் காதோடு வைத்தால் கேட்கும். 1848 செப்டம்பரில் எமர்சன் டெனன்ட் துரையும் தோணிப் பலகையில் காதை வைத்துக் கேட்டார். நாம் ‘பாடும் மீன்’ என்கிறோம். துரையிடம் மீனவர்கள் சொன்னதோ, கத்துவது ஊரி என்று! சத்தத்தில் சந்தேகமில்லை, கத்துவது யார் என்பதில்தான் வழக்கு.

சென்ற வாரம் ஹோம்டெல்லில் விட்டுவந்த இரைச்சலுக்கும் இதே வழக்குத்தான். பென்சியாசும் வில்சனும் அன்டெனாவிலிருந்த புறா எச்சத்தைச் சுரண்டி எறிந்த பிறகும், வானத்தின் எல்லாப் பக்கமிருந்தும் அது வந்துகொண்டே இருந்தது. பிரபஞ்சம் பிறந்த சூட்டின் மிச்சம் என்று 1965இல் பலரும் ஒப்புக்கொண்டார்கள். கேம்பிரிட்ஜின் பிரெட் ஹாயில் ஒப்பவில்லை. பிரபஞ்சத்துக்குப் பிறந்தநாளே கிடையாது என்பது அவர் கட்சி.

அவருடைய மாணவர்களில் ஒருவர் கொழும்பில் பிறந்த சந்திர விக்கிரமசிங்க. இன்னொருவர் கோலாப்பூரின் ஜயந்த் நார்லிகர். விண்மீன்களுக்கிடையே மிதக்கும் தூசு, விண்மீன் ஒளியைக் குடித்துவிட்டு நுண்ணலையாகக் கக்குகிறது என்று 1975இல் இவர்களும் வேறு மூவரும் எழுதினார்கள். பிறகு அந்தத் தூசு, மயிரிழை போன்ற இரும்புத் துணுக்காக மாறியது. கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கென்னவோ அது கெட்டிக்கார யோசனையாகத்தான் படுகிறது.

தீர்த்துவைக்க வழி ஒன்று இருந்தது. ஆதிச்சூடு என்றால், அலைநீளத்துக்கு அலைநீளம் அதன் வலுவைக் குறித்துக் கோடு இழுத்தால், ஒரே வளைவாக வழுவழுவென்று ஏறி இறங்க வேண்டும். தூசு என்றால் எங்காவது பிசகக்கூடும். 1987இல் ஜப்பானிலிருந்து ஏவிய ஆய்வு ரொக்கெட் ஒன்று அளந்து வந்த கோட்டில், சரியாக ஒரு புடைப்பு!

ஆதிச்சூட்டுக் கட்சிக்கு வயிற்றைக் கலக்கியது.

1989 நவம்பர் 18. கோபி செய்மதி 900 கிலோமீற்றர் உயரத்துக்குப் போனது. அதன் கருவி திரவ ஹீலியத்தில் குளிர்ந்து கிடந்தது. ஒன்பதே நிமிட அளவீடு. 1990 ஜனவரி, வாஷிங்டனுக்கு அருகே வானியலாளர் கூட்டம். ஜோன் மாதர் ஒரு கண்ணாடித் தாளை ஒளிவிளக்கின் மேல் வைத்தார். மண்டபம் ஒரு கணம் மூச்சுவிடவில்லை. பிறகு அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

கோட்டில் அந்தப் புடைப்பு இருந்ததா?

(அடுத்த வாரம்)