காரை உதிர்ந்த தெரு

உத்தமபாளையத்தின் பழைய தெருக்கள் அழகாக இருக்கின்றன. சரிந்த ஓடு, அடியில் செல்லரித்த திண்ணைத் தூண், காரை உதிர்ந்து செங்கல் தெரியும் சுவர். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகவும் இருக்கிறது.

ஊருக்கு வெளியே பாறையில் தீர்த்தங்கரர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறார்கள். வட்டெழுத்தில் அச்சணந்தியின் பெயரும் உண்டு. அந்தத் தேய்மானத்தை ரசிக்கலாம், அங்கே யாரும் குடியில்லை. தெருவின் சரித்திரம் வேறு. 1895இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கியது. அதன்பின் நெல் கண்ட காசில் எழுந்த வீடு என் தாத்தாவுடையது. பிறகு அது ஐந்து பங்காயிற்று. ஐந்து பேருக்குச் சொந்தமான கூரையில் ஒருவரும் ஓடு மாற்றுவதில்லை. நான் அழகென்று பார்த்தது, பாதிக்கு மேல் இந்தப் பாகப்பிரிவினைதான்.

பிரெஞ்சுக்காரர் அட்ஜே 1927இல் சாகும்வரை முப்பது வருஷம் பழைய பாரிஸைப் படம் பிடித்தார். அவருடைய தெருக்களில் பெரும்பாலும் ஆளே இருக்காது. என் பார்வையும் ஆளை விலக்கிவிட்டுத்தான் தூணைப் பார்த்திருக்கிறது. அந்த வீட்டில் இன்னும் இருந்த சித்தியிடம் தூணைப் புகழ்ந்தேன்.

“தூணு நல்லாத்தான்ப்பா இருக்கு. மழை வந்தா நாலு குண்டான் வைக்கணும், அதைப் பாரு” என்றாள்.

போன மாதம் விற்பனைப் பத்திரத்தில் என் பங்குக்கும் கையெழுத்துப் போட்டேன். தூணை மட்டும் எனக்குக் கேட்டேன். காரைக்குடி வியாபாரி ஒருவன் ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தான்.